கறுப்பனின் பக்கத்து முக்காலி

1964 ஜூன் 15. 4 மார்க்கா.
1967 நவம்பர் 2. 6 மார்க்கா.
1970 ஜனவரி 22. 9 மார்க்கா.
1972 மார்ச் 24. 150 மார்க்கா.

முதல் மூன்று தொகைகளும் வில்யோ ஹர்யுவுக்கு வந்தவை. குயிக்காலம்பி ராணுவச் சோதனைத் திடலில் பீரங்கிக்குப் பக்கத்தில் காதுக்கவசம் மாட்டிக்கொண்டு முக்காலியில் உட்காருகிறவனுக்கு ஒரு நாளைக்குக் காதுப்படி என்று கொடுப்பார்கள். அது இப்படித்தான் ஏறியது. நான்காவது அவரிடமிருந்து போன பணம். அபராதம்.

வில்யோவுக்கு ஏற்கெனவே ஒரு காதுதான் இருந்தது. 1944 கோடையில், பதினெட்டு வயதில், கரேலியப் போர்முனையில் அவருடைய பீரங்கியின் குழல் குண்டோடு சேர்ந்து வெடித்தது. குண்டு போட நின்ற பையனின் தலையைக் காணோம். அவனுடைய தொப்பி மட்டும் பைன் மரக் கிளையில் மாட்டியிருந்தது. சுடும் கயிற்றை இழுத்த வில்யோ வலது காதிலிருந்து ரத்தம் வழிய அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். சண்டை முடிந்ததும் சில வருஷம் மரம் வெட்டினார். பிறகு திடலில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். வெடிச்சத்தம் என்றால் ஊரில் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். இவர் சுளிக்கவில்லை. அதனால் எடுத்துக்கொண்டார்கள்.

திடலில் எல்லாவற்றையும்விடப் பொல்லாதது தோளுயரத் தாங்கியில் நிற்கும் ஒரு டாங்கி எதிர்ப்புப் பீரங்கி. பின்னுதைப்பு கிடையாது. அதற்குப் பதிலாக முன்னாலும் வெடிக்கும், பின்னாலும் வெடிக்கும். ஆட்கள் அதற்குக் கறுப்பன் என்று பெயர் வைத்திருந்தார்கள், கறுப்பு நாய்க்கு வைக்கிற பெயர். கறுப்பன் குரைத்தால் தரையிலிருக்கும் பனி துள்ளி எழும். வயிற்றுக்குள் யாரோ பூட்ஸ் காலால் உதைத்த மாதிரி இருக்கும். ஒருநாள் பின்பக்கப் புதரில் பதுங்கியிருந்த முயல் ஒன்று, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல், வாயில் ரத்தக் குமிழோடு செத்துக் கிடந்தது. அதைத் தூக்கிக் குழம்பு வைக்கலாமா என்று அர்மாஸ் கேட்டார். யாரும் சரி என்று சொல்லவில்லை.

அர்மாஸ்தான் குறி வைத்துக் கயிறு இழுப்பவர். வில்யோவின் மனைவி லெம்பியின் தம்பி.

வேலை இதுதான். வில்யோ முக்காலியில் உட்காருவார். கவசத்தின் கிண்ணத்துக்குள், காதுத் துளைக்குப் பக்கத்தில், பட்டாணி அளவு ஒலிவாங்கி ஒன்றை ஒட்டுவார்கள். அதன் கம்பி குடிசைக்குள் இருக்கும் திரைக்குப் போகும். கறுப்பன் குரைத்ததும் திரையில் ஒரு கோடு எழும்பும், படப்பெட்டி தானாக அதைப் படம் பிடித்துக்கொள்ளும். கவசம் நல்லதென்றால் கோடு சின்ன மேடாக எழும்பி அடங்கும். மூன்று முறை சுட்டு மூன்று படம் எடுத்தால்தான் ஓர் அளவு. சுடுவதற்கு முன்னும் பின்னும் வில்யோவின் இடது காதுக்குள் மெல்லிய விசில்களை விட்டுப் பார்ப்பார்கள். எல்லாம் கேட்டால் அன்றைய வேலை முடிந்தது.

பச்சைக் கவசம் என்று ஒன்று வந்தது. அதை மூன்று குளிர்காலம் சோதித்தார்கள். மைனஸ் இருபத்தைந்துக்குக் கீழே இறங்கும் நாள்வரை காத்திருந்துதான் சுட்டார்கள். ஒவ்வொரு முறையும் சின்ன மேடுதான். வில்யோ அளவுத் தாளில் கையெழுத்துப் போட்டார். ராணுவம் அதை மூட்டை மூட்டையாக வாங்கியது.

அதில் ஒன்று அவருடைய மகன் இல்போவின் தலைக்கு வந்தது.

இல்போவுக்கு அப்போது பத்தொன்பது வயது. கட்டாய ராணுவ சேவையில் இருந்தான். 1972 பிப்ரவரி 10, வியாழக்கிழமை, மைனஸ் இருபத்தொன்பதில் அவனுடைய அணி ஏரிக்கரையில் இன்னொரு கறுப்பனைச் சுட்டுப் பழகியது. இல்போ குண்டு போடுகிறவன். முதல் குண்டு போனதும் அவன் பனியில் விழுந்து உருண்டான். இரண்டு கைகளாலும் கவசத்தைப் பிய்த்து எறிந்தான். வாய் பெரிதாகத் திறந்திருந்தது. மற்ற பையன்கள் காதில் கவசத்தோடு இருந்ததால் அவன் அலறியது அவர்களுக்குக் கேட்கவில்லை. கூத்தடிக்கிறான் என்று நினைத்து ஒருவன் சிரித்துக்கொண்டே அடுத்த குண்டைத் தள்ளினான். வெறும் காதோடு கிடந்த இல்போவின் தலைக்கு மேலேயே கறுப்பன் இரண்டாம் தடவை குரைத்தது. அதற்குப் பிறகுதான் பனியில் சிவப்பைப் பார்த்தார்கள்.

கவசம் தள்ளிக் கிடந்தது. சார்ஜெண்ட் பார்த்ததை எழுதினார்: காதில் கவசம் இல்லை.

அப்படி எழுதினால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். சேவை முடியுமுன் வீட்டுக்கு ஓடுவதற்காகத் தன் காதைத் தானே உடைத்துக்கொண்ட பையன்கள் முன்பு இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சிறை. அதற்குமேல் சேவைப் புத்தகத்தில் ஏமாற்றுக்காரன் என்று ஒரு வரி விழும். அந்த வரியோடு போனால் மர ஆலையில்கூடச் சேர்க்க மாட்டார்கள். விசாரணை அதிகாரி கேப்டன் தவேலா மருத்துவமனை வாசலிலேயே வில்யோவைப் பிடித்துச் சொன்னார்: “ஹர்யு, அந்தக் கவசத்தப் பத்தி உங்களவிட யாருக்குத் தெரியும்? பையன்கிட்ட நீங்களே பேசிப் பாருங்க. ஒத்துக்கிட்டா கொஞ்சம் கொறையும்.”

இல்போவின் தலை முழுக்கக் கட்டு. காதில் வாயை வைத்துக் கத்தினால் ஏதோ கொஞ்சம் விழுந்தது. அதனால் அப்பனும் மகனும் பேசியது அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது.

“கழட்டினியாடா?”

“இல்லப்பா!”

“நெசத்தச் சொல்லு!”

“குண்டு போனப்புறம்தான் கழட்டினேன். வலி தாங்கல. அது என்ன கவசம்பா, தலைல மரக்கட்டைய வச்சுக் கட்டுன மாதிரி!”

“மரக்கட்டையா? மூணு வருஷம் என் காதுல மாட்டிருக்கேன். மெத்து மெத்துன்னு இருக்கும். வெண்ணெய் மாதிரி ஒட்டும்.”

“அப்போ வெண்ணெய நீங்க வச்சுக்கிட்டு மரத்த எங்களுக்கு அனுப்பிருக்கீங்க.”

பக்கத்துக் கட்டிலில் ஒருவன் சிரித்தான். வில்யோவின் கை எழுந்துவிட்டது. கன்னத்தைப் பார்த்துத்தான் அடித்தார். பையன் தலையைத் திருப்பினான், அடி கட்டின்மேல் விழுந்தது. இல்போ கத்தவில்லை, கட்டிலோரம் குனிந்து வாந்தி எடுத்தான். வெள்ளைத் துணியில் சிவப்பு மெதுவாக ஊறிப் பரவியது. இரண்டு ஆட்கள் வில்யோவின் அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்துப்போனார்கள். வாசலில் நின்றும் அவர் கத்திக்கொண்டிருந்தார்: “என் வாயால என்னையே பொய்யன்னு சொல்லச் சொல்றான்!”

அவர் வீடு வந்து சேருவதற்குள் செய்தி வந்துவிட்டது. அர்மாஸ் சொல்லியிருந்தார். லெம்பி வாசல் கொடியில் துவைத்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“வாய்யா வீரா! கட்டுப் போட்ட தலைய அடிச்ச கையக் காட்டு, பாப்போம்!”

“அவன் பொய் சொல்றான் லெம்பி.”

“என் வயித்துல பொறந்தவன் திருடுவான், குடிப்பான், ஒன்ன மாதிரி முரடனாக்கூட இருப்பான். பொய் சொல்ல மாட்டான்!”

கொடியில் தொங்கிய கம்பளிக் கையுறை ஒன்றை உருவி அவர் முகத்தில் வீசினாள். ஈரத்தோடு தொங்கி உறைந்த கையுறை. கல் மாதிரி வந்து உதட்டில் பட்டது. உதடு கிழிந்து பல்லில் ரத்தம் இறங்கியது. லெம்பி இன்னொன்றை உருவிக் கையை ஓங்கினாள். வில்யோ தடுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. குனிந்து கையுறையை எடுத்தார். விரலால் அமுக்கிப் பார்த்தார். அமுங்கவில்லை. அதை வைத்துக்கொண்டு உள்ளே போனார். அடுப்புக்கு மேலே கம்பியில் அவருடைய சொந்தக் கையுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றை அமுக்கினார். பூனைக்குட்டி மாதிரி இருந்தன.

“என்னய்யா, புத்தி கெட்டுப் போச்சா?” என்று லெம்பி பின்னாலேயே வந்தாள்.

“லெம்பி, திடல்ல கவசத்தெல்லாம் எங்க தொங்கவிடுவோம் தெரியுமா?”

“எங்க?”

“அடுப்புக் கம்பில. கையுறையோட.”

யாரும் சொல்லிச் செய்ததில்லை. குளிர்காலத்தில் வெளியே போட்டுக்கொண்டு போகிற எதையும் இரவில் அடுப்புக் கம்பியில் போடுவார்கள். தொப்பி, காலுறை, கையுறை, கவசம். காலையில் சூடாக எடுத்து மாட்டிக்கொண்டு முக்காலிக்கு நடப்பார்கள். வெளியே மைனஸ் இருபத்தைந்து என்று எழுதியது உண்மை, பீரங்கி உறைந்திருந்ததும் உண்மை. காதைச் சுற்றும் அந்த மெத்தை மட்டும் வீட்டுச் சூட்டில் இருந்தது. பையன்களின் கவசமோ இரவெல்லாம் சறுக்கு வண்டியில், பனியில். மெத்தை விறைத்தால் தாடைக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இடைவெளி விழும். கறுப்பனுக்கு விரல் நுழைகிற இடைவெளி போதும்.

மறுநாள் வில்யோ கேப்டன் தவேலாவின் மேசைக்கு முன்னால் நின்றார்.

“மூணு குளிர்காலம் சோதிச்சது யாரு ஹர்யு?”

“நான்தான் ஐயா.”

“கையெழுத்து?”

“என்னுதுதான். ஆனா குளிர்ல இருந்தது காத்துதான் ஐயா, கவசம் இல்ல.”

கேப்டன் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். “நேத்து வரைக்கும் மகன் பொய்யன். இன்னைக்குக் கவசம் பொய். மகனுக்காக அப்பன் எதுவும் சொல்வான்னு மேலதிகாரிங்க சொன்னா நான் என்ன பதில் சொல்லட்டும்?”

“மறுபடி சுட்டுப் பாருங்க.”

“விசாரணை திங்கக்கிழமை. புதுச் சோதனைக்குத் தலைநகர் ஹெல்சிங்கியில இருந்து உத்தரவு வரணும். வசந்தம் வந்துடும் ஹர்யு. அப்போ உங்க மெத்தை எப்படி உறையும்?”

அதுதான் வில்யோவைச் சுட்டது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து குளிர் விடும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை கறுப்பனில் ஏதோ வெடிமருந்துச் சோதனை இருந்தது. அந்த அடுப்பைப் பார்க்கக் கேப்டன் பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. வில்யோவும் அர்மாஸும் விடிவதற்கு முன்பே திடலில் இருந்தார்கள். கிடங்கிலிருந்து எடுத்த மூன்று பச்சைக் கவசங்களை வில்யோ முதல் நாள் மாலையே வெளியே சறுக்கு வண்டியில் போட்டுவிட்டிருந்தார். ஒருமுறை மாட்டினால் தலைச்சூட்டில் இளகிவிடும் என்பதால் ஒவ்வொரு வெடிக்கும் ஒன்று. ஒலிவாங்கியை ஒட்டும்போது பசை நாடாவே விறைத்து உடைந்தது.

அர்மாஸ் முக்காலி கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டு அதை மறுபக்கம் நகர்த்தினார்.

“எங்கடா தூக்குற?”

“செத்த காத கறுப்பன் பக்கம் வை மச்சான். அதுல என்ன போகப்போகுது?”

“அதுல போனா பழைய ஓட்டைன்னு சொல்வாங்க. நல்ல காதுதான் சாட்சி.” வில்யோ முக்காலியைப் பிடுங்கி இடது காது கறுப்பனைப் பார்க்கும்படி போட்டார். “கயித்த இழு.”

“ஒண்ணே ஒண்ணு.”

“அளவுன்னா மூணு.”

“உன் அளவுல இடி விழ!” என்று சொல்லிக்கொண்டே அர்மாஸ் கயிற்றை இழுத்தார்.

சத்தம் என்று வில்யோவுக்கு எதுவும் கேட்கவில்லை. பழுக்கக் காய்ச்சிய கம்பியை யாரோ இடது காதில் குத்தி வலது கண்வழியாக இழுத்தது போல் இருந்தது. முக்காலியோடு சாய்ந்தார். வானமும் பனியும் இடம் மாறின. கழுத்தில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. விரலை வைத்துப் பார்த்தார், சிவப்பு. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குடிசைக்குள் போனார். படத்தில் சின்ன மேட்டைக் காணோம். கோடு நேராக எழுந்து திரைக்கு வெளியே போயிருந்தது.

திரும்பி வந்து அந்தக் கவசத்தைக் கழற்றிப் போட்டு இரண்டாவதை எடுத்தார். அர்மாஸ் கயிற்றைக் கையில் சுருட்டிவைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். வாய் அசைவது தெரிந்தது. வில்யோ அவர் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கப் பார்த்தார். அர்மாஸ் விடவில்லை. வில்யோ அவர் மூக்கில் குத்தினார்.

அதற்குமேல் இரண்டு பேரும் மனிதர்களாக இல்லை. அர்மாஸ் திருப்பி வயிற்றில் குத்தினார். வில்யோ அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பனியில் சாய்த்தார். உருண்டார்கள். முழங்காலும் முழங்கையுமாக இடித்துக்கொண்டார்கள். அர்மாஸ் மேலே ஏறி உட்கார்ந்து, மைத்துனரின் இரண்டு கைகளையும் தரையோடு அழுத்தி, காதில் வாயை வைத்துக் கத்தினார். கேட்காது என்று தெரிந்தும் கத்தினார்.

“செவிட்டுக் கெழவா! நாளைக்கு சவுனா நீராவில உக்காந்து நான் யார்கிட்டடா கதை அளப்பேன்? அக்காகிட்ட என்ன சொல்லுவேன்? உன் புருஷன் காத நான்தான் அறுத்தேன்னா?”

அர்மாஸின் மூக்கு ரத்தம் வில்யோவின் முகத்தில் சொட்டியது. வில்யோ அவர் உதட்டையே பார்த்தார். பிறகு அமைதியாக, சத்தத்தின் அளவு தெரியாமல் உரக்கச் சொன்னார்:

“படுத்திருந்த பையன அடிச்சேன் அர்மாஸ். ரெண்டு குண்டு பாக்கி. இழு.”

அர்மாஸ் எழுந்தார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். கயிற்றை எடுத்தார்.

இரண்டாவது வெடியில் வில்யோ விழவில்லை. தாடையைக் கடித்துக்கொண்டிருந்ததில் ஒரு பல் உடைந்தது. மூன்றாவதை மாட்டுகையில் காட்டுப் பாதையில் கேப்டனின் வண்டி வருவதை அர்மாஸ் பார்த்தார். கேப்டன் வண்டியிலிருந்து குதித்துக் கையை வீசிக்கொண்டு ஓடி வந்தார். அர்மாஸ் அவரைப் பார்த்தார். வில்யோவைப் பார்த்தார். இழுத்தார்.

பனித்தூள் அடங்கியதும் கேப்டன் பார்த்தது இதுதான்: முக்காலியில் ஒருவர் நேராக உட்கார்ந்திருக்கிறார், இடது தோள் முழுக்க ரத்தம் உறைந்து பளபளக்கிறது. இன்னொருவர் மூக்கு உடைந்து, கயிற்றைப் பிடித்தபடி, சின்னப் பிள்ளை மாதிரி அழுகிறார்.

“என்ன பைத்தியக்காரத்தனம் இது! யார் உத்தரவு?”

அர்மாஸ் குடிசையைக் காட்டினார். “உள்ள மூணு படம் இருக்கு ஐயா. பக்கத்துலயே அடுப்பும் இருக்கு. எதுல போடணும்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.”

கேப்டன் தவேலா உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. வெளியே வந்தபோது மூன்று படங்களும் கோட்டுப் பையில் இருந்தன. உத்தரவில்லாமல் சுட்டதற்கான குற்றச்சாட்டை அங்கேயே, வண்டியின் முன்மூடிமேல் வைத்து எழுதினார். எழுதி முடித்துவிட்டு வில்யோவைத் தன் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து மருத்துவமனைக்கு ஓட்டினார். வழியெல்லாம் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். வில்யோவுக்கு அது கடைசிவரை என்னவென்று தெரியாது.

மருத்துவமனையில் வேறு இடம் இல்லாததால் அவரை இல்போ இருந்த கூடத்திலேயே போட்டார்கள். அப்பனைக் கண்டதும் பையன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பிறகு அர்மாஸ் வந்தார், ஊதிய மூக்கோடு. இல்போவின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து நின்று, கையால் கறுப்பனைச் செய்து காட்டி, முக்காலியைச் செய்து காட்டி, கயிற்றை மூன்று தடவை இழுத்துக் காட்டினார். இல்போ திரும்பி அப்பனைப் பார்த்தான். சைகையில் கேட்டான்: எந்தக் காது? அர்மாஸ் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

திங்கட்கிழமை விசாரணை நடந்தது. கேப்டன் படங்களை வைத்தார். முடிவு சொல்லாமல் தள்ளிப்போட்டார்கள். உத்தரவில்லாமல் சுட்டதற்கு மார்ச்சில் 150 மார்க்கா அபராதச் சீட்டு வந்தது, வில்யோ கட்டினார். இடது காதுக்கு நஷ்டஈடு கேட்டு எழுதியதற்கு, தானே விரும்பி உட்கார்ந்ததால் இல்லை என்று ஜூனில் பதில் வந்தது. அதற்காக வில்யோ யாரையும் திட்டவில்லை. அது சரிதான் என்றார். பையனைப் பற்றித்தான் ஒன்றும் வரவில்லை. இல்போ வீட்டில்தான் இருந்தான். ஆலைக்குப் போய் நின்றான், புத்தகத்தில் முடிவு எழுதாமல் எடுக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். அப்பனும் மகனும் ஒரே மேசையில் பட்டாணி சூப் குடித்தார்கள். இரண்டு செவிடர்களுக்கும் சேர்த்துக் கத்திக் கத்தி லெம்பிக்குத் தொண்டை கட்டியது. “ஒருத்தருக்கொருத்தர் பேசாம இருக்க ரெண்டு பேருக்கும் நல்ல சாக்குக் கெடச்சுடுச்சு” என்பாள்.

அந்த இலையுதிர்காலத்தில் ராணுவ முகாம்களிலிருந்து பச்சைக் கவசங்கள் வண்டி வண்டியாகத் திரும்பி வந்தன என்று அர்மாஸ் வந்து சொன்னார், காகிதத்தில் எழுதிக் காட்டி. வில்யோ அந்தக் காகிதத்தை இல்போவின் பக்கம் தள்ளினார். இல்போ படித்துவிட்டு, தட்டில் இருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து அப்பனின் பக்கம் வைத்தான்.

சம்பவத்தின்போது இல்போ ஹர்யு காதுக்கவசத்தை முறையாக அணிந்திருந்தார், அவர்மீதான குற்றச்சாட்டு நீக்கப்படுகிறது என்று சொன்ன கடிதம்தான் கடைசி. அதை லெம்பி வழக்கம்போல் உரக்கப் படிக்கத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தி மகனிடம் கொடுத்தாள். அவன் நின்றபடியே படித்து அப்பனிடம் கொடுத்தான். அவர் படித்து முடிக்கும்வரை அவருடைய தோளில் கையை வைத்திருந்தான்.

கடிதம் வந்தது 1972 நவம்பர் 9.